நூறு பங்காக உட்கார்ந்திருந்தவர்

பழந்துறையில் சிவனணைந்தபெருமாள் செத்துப்போனது ஓர் ஐப்பசி மாதத்து முற்பகலில், கருப்பட்டிச் சிப்பங்கள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தன் சரக்குக் கிட்டங்கியின் முன்கூடத்தில் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி. அவர் செத்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் சாயவும் இல்லை, சரியவும் இல்லை, நாள் போகப்போகக் கெடவும் இல்லை என்பதால் அந்தச் சாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் ஊருக்குத் தெரியவில்லை.

முதலில் தெரிந்துகொண்டவள் அவர் மனைவி சுயம்புக்கனி. வழக்கம்போல மோர்ச் செம்பைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்; கை மூடவில்லை. செம்பு விழுந்து மோர் தரையில் ஓடியது. தரகர் ஆதிமூலம் எதிரே உட்கார்ந்து ஒரு தோணிக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர், மோர் தன் வேட்டியைத் தொட்ட பிறகும், "முடிவாச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று இன்னொரு தடவை கேட்டார்.

மூட்டை தூக்கிப் பழகிய ஆட்கள் வந்து தோளிலும் தொடையிலும் கைகொடுத்துத் தூக்கினார்கள். அசையவில்லை. நாற்காலியோடு தூக்கிப் பார்த்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பினார்கள், கடப்பாரைதான் வளைந்தது. வைத்தியர் நாடி பிடித்து இல்லை என்றார். மூன்றாம் நாளும் வந்து, நாடியும் இல்லை, நாற்றமும் இல்லை என்றார். சாவைப் பதிய வந்த கணக்கப்பிள்ளை கூடத்து வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "போன ஆளைத்தான் நான் எழுத முடியும், உக்காந்திருக்கிற ஆளை என்னன்னு எழுதுவேன்" என்று பேனாவை மூடிக்கொண்டு போனார். அழ வந்த சொந்தக்காரர்கள் அழுது முடித்து, சாப்பிட்டு, காத்திருந்து, ஒருவர் பின் ஒருவராக ஊருக்குத் திரும்பினார்கள். சுயம்புக்கனியின் நெற்றியைப் பற்றித் தெருப்பெண்கள் கூடிப் பேசி, எடுத்துப்போடாத புருஷனுக்கு எப்படித் தாலி அறுப்பது என்று குழம்பி, கடைசியில் பொட்டு வைத்துக்கொள்ளலாம், பூ வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்த்துச் சொன்னார்கள். நல்லதுக்கும் கூப்பிடக் கூடாது, கெட்டதுக்கும் கூப்பிடக் கூடாது என்பது சொல்லாமலே தீர்ந்தது.

அந்த வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். முன்னால் கிட்டங்கியும் கூடமும், நடுவில் முற்றம், பின்னால் அடுக்களை. தெருவுக்குப் போக ஒரே வாசல், அது கூடத்து வாசல். அடுக்களையில் பக்கத்துச் சந்துப்பக்கமாக ஒரு ஜன்னல் உண்டு, மீன்காரி ரோசம்மா அதன் வழியாகத்தான் சாளையும் நெத்திலியும் நீட்டுவாள். பின்பக்கம் ஒரு கதவு வேண்டும் என்று சுயம்புக்கனி வந்த புதிதில் கேட்டதுண்டு. பிறகு பார்ப்போம் என்றார் பெருமாள். அவர் எதையும் மறுக்க மாட்டார், பிறகு பார்ப்போம் என்பார். மூத்த மகன் தவசிக்கும் இளையவன் வேல்மயிலுக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்று அவள் சொன்னபோதும் அதையேதான் சொன்னார்.

ஆக, அவள் தினமும் காலையில் ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள், தோளில் படிந்த கருப்பட்டித் தூசியைத் தட்டினாள். தாடி மட்டும் வளர்ந்தது. நாவிதர் வாரம் ஒருமுறை வந்து, பேச்சுக் கொடுக்காமல் மழித்துவிட்டு, ஊர்க் கதை ஒன்றையும் சொல்லாத ஒரே வீடு என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

கார்த்திகையில் ஒரு கரிசல்காட்டு வியாபாரி வத்தல் கொண்டுவந்தான். கூடத்தில் பெருமாளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, மூட்டை எல்லாம் உள்வரை நன்றாகக் காய்ந்தது என்று ஆதிமூலத்திடம் சொன்னான். விலை பேசி முடிந்தது. ஆதிமூலம் எழுந்தார், மற்றவர்கள் எழுந்தார்கள், அவனால் எழ முடியவில்லை. கால் மரத்துப்போயிற்று என்று சிரித்தான். கையை ஊன்றினான், தூணைப் பிடித்தான், பக்கத்தில் இருந்தவர்கள் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். பாயில் ஒட்டிய பல்லிபோலக் கிடந்தான். மத்தியானம் சோறு உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் நாற்காலியில் இருந்த முகத்தைப் பார்த்து அழுதுகொண்டே, "அடி மூட்டை எல்லாம் ஈரம் அண்ணாச்சி, தண்ணி தெளிச்சுத்தான் கட்டினேன்" என்றான். சொன்ன மறு நிமிஷம் எழுந்து நின்றான்.

பழந்துறை இதைப் பார்த்து மிரளவில்லை. வியாபாரம் தெரிந்த ஊர் அது, இதனால் என்ன லாபம் என்றுதான் யோசித்தது. மறுநாள் காலையில் கூடத்தில் பாய் போட இடம் இல்லை. எடைபோட வேண்டாம், மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டாம், சாட்சி வேண்டாம், சத்தியம் வேண்டாம். அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்து சொல், சொல்லிவிட்டு எழுந்து நில், அது போதும். பெண் கொடுக்க வந்தவர்கள்கூட மாப்பிள்ளை குடிப்பதில்லை என்பதை அங்கே வந்து சொல்லச் சொன்னார்கள். அந்த வருஷம் பல கல்யாணங்கள் நின்றன.

தோணியில் பங்கு என்பது அப்படித்தான் ஆரம்பித்தது. அதுவரை ஒரு தோணி ஒருவருக்குச் சொந்தம். அது கொழும்புக்குப் போய்த் திரும்பினால் அவர் வீட்டில் விருந்து, முழுகினால் அவர் வீடே முழுகியது. மிக்கேல் என்று ஒரு தண்டல், தோணியை நடத்திப் போகிற தலைவர், ஓட்டுவதில் கெட்டிக்காரர், புதுத் தோணி கட்டப் பணம் கேட்டுக் கூடத்துக்கு வந்தார். தனியாகப் போட ஒருவருக்கும் தைரியமில்லை. அவர் பெருமாளுக்கு எதிரே உட்கார்ந்து, மரம் எங்கிருந்து வருகிறது, செலவு எவ்வளவு, போன பயணத்தில் தான் செய்த தப்பு என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுந்து நின்று காட்டினார். பலசரக்குக் கடைக்காரர் ஒரு பங்கு எடுத்தார், தோணிப்பாய் தைப்பவர் ஒன்று எடுத்தார், பள்ளிக்கூட வாத்தியார் அரைப்பங்கு கேட்டு வாங்கிக்கொண்டார். தோணி கடலில் இருக்கும்போதே வாத்தியாருக்கு மகள் கல்யாணம் வந்தது. அவருடைய அரைப்பங்கை ஓர் எண்ணெய்ச் செக்குக்காரர் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து வாங்கினார். கரைக்கு வராத தோணியின் பங்கு கரையில் கைமாறியதைக் கண்டு ஊர் ஒருநாள் முழுக்கச் சிரித்தது. மறுநாள் எல்லோரும் அதையே செய்தார்கள்.

பிறகு ஒரு சபை கூடியது, ஆதிமூலம் தலைவரானார். காலையில் மணி அடித்தால் பேரம் தொடங்கும், உச்சியில் மணி அடித்தால் முடியும். உள்ளே வர ஒரு கட்டணம், முடிந்த ஒவ்வொரு பேரத்திலும் ஒரு துளி தரகு வீட்டுக்கு. விலை ஏறினால் தெருவாசலில் வெள்ளைத் துணி, இறங்கினால் நீலத் துணி. தெருக்கோடியில் காப்பிக் கடை முளைத்தது, காப்பிக் கடைக்குப் பின்னால் கடன் கொடுப்பவர்கள் முளைத்தார்கள்.

சுயம்புக்கனி அடுக்களையில் இருந்தாள். மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும்வரை கூடம் நிறைய ஆண்கள். அவர்களைத் தாண்டித்தான் தெரு. பொட்டு வைத்துப் பூ வைக்காத ஒருத்தி அத்தனை பேரைத் தாண்டிப் போனால் அன்றைய பேரத்துக்கு ஆகாது என்று சபை மரியாதையாகச் சொல்லி அனுப்பியது. மத்தியானத்துக்குமேல் போகலாம்தான். ஆனால் மத்தியானத்துக்குமேல் கூடத்தைக் கழுவ வேண்டும், அவரைத் துடைக்க வேண்டும், வெளியூரிலிருந்து அவரைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். தம்பி வீட்டுக் காதுகுத்துக்கு அவள் போகவில்லை, தம்பி செத்ததற்கும் போகவில்லை. வீட்டில் பணம் சேர்ந்தது. அவள் எங்கும் போகாததால் அவள் கால்வெடிப்புகள் ஆறி, பாதம் குழந்தைப் பாதம்போல மெத்தென்று ஆனது. அதைப் பார்க்கும்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒருநாள் வேல்மயில் அண்ணனிடம் பாகம் கேட்டான். கொழும்பில் ஒரு கடை பார்த்திருக்கிறான், தன் பங்கைக் கொடுத்தால் போய்விடுவான்.

"அய்யா உக்காந்திருக்கும்போது பாகம் பிரிக்கதா?" என்றான் தவசி. "ஊரு சிரிக்கும்."

"அய்யா செத்து நாலு வருசமாச்சு."

"அப்ப நீயே போய் அவுங்ககிட்ட கேளு."

வேல்மயில் கேட்கவில்லை. ரோஷத்தில் போய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, "எனக்குச் சொத்தே வேண்டாம், நான் போறேன்" என்றான். எழ முடியவில்லை. சுயம்புக்கனி அடுக்களை நிலையில் நின்று பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வேணும், எனக்கும் வேணும், ஆனா இங்க இருந்தா மூச்சு முட்டுது" என்று முணுமுணுத்தான். சொன்னதும் கால் விட்டது. எழுந்தவன் அம்மாவின் பக்கம் திரும்பினால் மறுபடியும் உட்கார்ந்துவிடுவோமோ என்று பயந்தவன்போல நேராக வாசலுக்குப் போனான்; துறைமுகத்துக்குப் போனான்; போய்விட்டான்.

அதன் பிறகு தவசிதான் வீடு. அவன் கெட்டவன் இல்லை. தினமும் காலையில் அப்பாவின் முன்னால் நின்று, இன்று இதை வாங்கலாமா, அதை விற்கலாமா என்று கேட்டான். பதில் வராது. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். நாற்பதை நெருங்கியும் தானாக ஒரு சட்டைத்துணிகூட அவன் எடுத்ததில்லை.

ஒரு மாசிமாதத்துக் காலையில் ரோசம்மா ஜன்னல் வழியாக மீனை நீட்டிவிட்டு, என்றைக்கும் இல்லாத வெட்கத்தோடு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிக்கக் கூடாது. அண்ணாச்சியில எனக்கும் ஒரு பங்கு இருக்கு."

சுயம்புக்கனிக்குப் புரியவில்லை. ரோசம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சபை முத்திரை குத்திய ஒரு தகட்டைக் காட்டினாள். புதுத் தோணிகளில் போடத் தவசிக்குக் கைப்பணம் தேவைப்பட்டிருந்தது. ஆதிமூலம் வழி சொன்னார். வீட்டுக்கு வரும் தரகு எல்லாம் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பதால் வருவது. அவர் உட்கார்ந்திருப்பதையே நூறு பங்காக்கினால் என்ன. மூத்த மகன் என்ற முறையில் தவசி ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதை விற்றுவிட்டான். அண்ணாச்சிப் பங்கு என்று பெயர். ஊரிலேயே நல்ல பங்கு அதுதான், கடல் கொந்தளித்தாலும் அது இறங்குவதில்லை. பெட்டி முடைகிறவள் வைத்திருக்கிறாள், கோயில் மடப்பள்ளிக்காரர் வைத்திருக்கிறார், கணக்கப்பிள்ளை இரண்டு வைத்திருக்கிறார்.

"எதுக்குச் சொல்லுதேன்னா," என்றாள் ரோசம்மா, "அவுகளை நல்லாத் தொடைச்சு வையிங்க. சளி கிளி பிடிச்சிறக் கூடாது."

அவள் போன பிறகு சுயம்புக்கனி மீனை ஆயாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனிதரில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் விலை ஏறிக்கொண்டே போனது. இதைப் பின்னால் கேட்டவர்கள் யாரோ பொய் சொல்லி ஏற்றியிருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கூடத்தில் ஒரு பொய்கூடச் சொல்லப்படவில்லை. எல்லோரும் நம்பியதைத்தான் சொன்னார்கள். இது இன்னும் ஏறும் என்று ஒருவர் சொல்லிவிட்டுத் தடையில்லாமல் எழுந்து நிற்பார். அதைப் பார்த்தவர் நம்புவார். நம்பியதால் அவரும் சொல்லிவிட்டு எழுந்து நிற்பார். எழுந்து நிற்க முடிந்தால் அது உண்மை என்று ஊர் எடுத்துக்கொண்டது. வெள்ளைத் துணி வெயிலில் மக்கிக் கிழிந்து மூன்று தடவை மாற்றப்பட்டது. நீலத் துணியை ஆதிமூலத்தின் வீட்டில் தலையணை உறையாகத் தைத்துவிட்டார்கள்.

தவசி நிலத்தை விற்றான், பனங்காட்டை விற்றான், கிட்டங்கியின் பாதியை அடகு வைத்தான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தோணியில் போட்டான். பழந்துறை அதுவரை பார்க்காத பெரிய தோணி அது. அதற்கு அப்பாவின் பெயரை வைத்தான். மிக்கேல் தண்டல் அதை ஓட்டிப் போனார்.

அந்த நாளில்தான் சபை, அண்ணாச்சியைச் சுற்றிக் கல்லால் ஒரு பெரிய மண்டபம் கட்டுவது என்று முடிவெடுத்தது. அளவெடுக்க வந்தவன் அடுக்களைவரை வந்து, ஜன்னலில் கரிக்கோடு போட்டான்.

"இது அடைபடும்," என்றான்.

"வெளிச்சம்?"

"அடுக்களையில எதுக்கு அம்மா வெளிச்சம். மேல ஒரு ஓட்டை விட்டுத் தாரோம், புகை போக."

சுயம்புக்கனி சபைக்குச் சொல்லி அனுப்பினாள். ஆதிமூலம் மரியாதை தெரிந்தவர், நேரில் வந்து முற்றத்தில் நின்றார். "மயினி, எங்கையில இருந்தா நான் செய்ய மாட்டனா. பங்கு வச்சிருக்கவுக எல்லாரும் கைதூக்கியாச்சு. நூறும் ஒருத்தர் கையில இருந்தா அவரு சொன்னபடி செய்யலாம். வேற வழி இல்ல."

அவர் முற்றத்தில்தான் நின்று சொன்னார், கூடத்தில் இல்லை. இருந்தாலும் அது உண்மைதான்.

கார்த்திகைப் புயலில் தோணிகள் சிதறின. முதலில் செய்தி வரவில்லை, செய்தி வராததற்கே விலை கொஞ்சம் இறங்கியது. பிறகு ஒரு மத்தியானம் மிக்கேல் தண்டல் கடற்கரை ஓரமாகவே நடந்து ஊருக்குள் வந்தார், தோளில் ஒரு கயிற்றுச் சுருள் மட்டும். வந்து பெருமாளுக்கு எதிரே உட்கார்ந்து, "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, எல்லாம் போச்சு" என்றார். எழுந்து நின்றார். எல்லோரும் அவர் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விற்க எல்லோரும் வந்தார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் யாராவது ஒருவர், பயப்படாதீர்கள், திரும்ப ஏறும் என்று சொல்லிவைத்திருப்பார். கேட்டவர்களும் பாதி நம்பி வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள். அந்தக் கூடத்தில் அது நடக்கவில்லை. ஆதிமூலம் தைரியம் சொல்ல முயன்றார், "ஒண்ணும் ஆகாது" என்று ஆரம்பித்தார், அப்படியே பாயில் அமுங்கிப்போனார். அவரைப் பார்த்தும் வேறு சிலர் முயன்றார்கள். வாசலில் வந்து நின்ற மனைவிக்கு ஆறுதல் சொல்ல அங்கேயே வாய்திறந்த செக்குக்காரர் உட்கார்ந்தார், கடன்காரனிடம் நாளைக்குத் தருகிறேன் என்றவர் உட்கார்ந்தார். கூடம் முழுக்க எழ முடியாதவர்கள். ஒவ்வொருவராக, "போச்சு, எல்லாம் போச்சு" என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போக முடிந்தது. நம்பிக்கை இல்லாமல்தான் அந்த வாசலைத் தாண்ட முடியும் என்றானது.

தோணிப் பங்குகள் குப்பையானதும் மற்றது எதையும் ஊர் பிரித்துப் பார்க்கவில்லை. பேரம் நடந்தால்தானே தரகு, இனி யார் பேரம் பேசப்போகிறார்கள் என்று அண்ணாச்சிப் பங்கையும் விற்க ஆரம்பித்தார்கள். பொன்விலை விற்றது வெள்ளிவிலைக்கு வந்தது, வெள்ளிவிலை விற்றது ஒரு படி வத்தலுக்கு வந்தது.

சுயம்புக்கனி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக மணிக்கும் மணிக்கும் நடுவே கூடத்திலிருந்து வந்த குரல்களை அவள் சோறு வடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். எல்லோரும் ஒரே குரலில் வாங்கு என்றதைக் கேட்டிருக்கிறாள். இப்போது எல்லோரும் ஒரே குரலில் விற்கிறார்கள். இரண்டும் ஒரே குரலாகத்தான் அவள் காதில் விழுந்தது. ரோசம்மா வந்ததும், கைவளையல்களைக் கழற்றி ஜன்னல்வழியாக நீட்டினாள்.

"ரோசம்மா, இதை வித்து, அண்ணாச்சிப் பங்கு எவரு வச்சிருந்தாலும் வாங்கிட்டு வா. எனக்குன்னு சொல்லாத. கேட்டா மட்டும் சொல்லு."

"அக்கா, அது ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க."

"எனக்கு ஆகும்."

ரோசம்மா தன் பங்கை முதலில் கொடுத்தாள், காசு வேண்டாம் என்றாள். சுயம்புக்கனி விடவில்லை, இன்றைய விலையைக் கையில் வைத்து மூடினாள். பிறகு சங்கிலி போனது, தோடு போனது, வெள்ளிக் குத்துவிளக்கு சாக்கில் சுற்றி ஜன்னல்வழியாகப் போனது. மீன்கூடையின் அடியில் தகடுகள் வந்தன. செதில் ஒட்டிய அவளுடைய புருஷன், கொஞ்சம் கொஞ்சமாக, அரிசிப் பானைக்குள் சேர்ந்தார். ஊரில் யாரும் கவனிக்கவில்லை. மீன்காரி தலையில் வத்தலை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவதைப் பார்க்கிற நிலையில் அப்போது யாரும் இல்லை. கணக்கப்பிள்ளை மட்டும், "எதுக்குடி இது" என்று கேட்டார். "அக்காவுக்கு" என்றாள். அவர் தன் இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்கழி முடியுமுன் எல்லாம் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர.

தை பிறந்ததும் கொத்தனார்கள் வருவதாக இருந்தது. மண்டபம் எழும்பினால்தான் ஊருக்குத் திரும்ப நம்பிக்கை வரும் என்று ஆதிமூலம் வாசலுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம், கூடம் காலியானதும், சுயம்புக்கனி அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து புருஷனுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். தவசி தூணில் சாய்ந்திருந்தான், முகத்தில் சவரம் இல்லை. செத்தவர் முகம்தான் மழமழவென்று இருந்தது.

"தவசி, இங்க வந்து உக்காரு."

அவன் பானைக்குள் பார்த்தான். கையை விட்டுக் கிளறினான்.

"எல்லாமா?"

"உன்னோடது ஒண்ணு பாக்கி. அதைக் கொடு."

"எதுக்கும்மா?"

"உங்க அய்யாவை எடுத்துப்போடணும்."

தவசி சிரிக்கப் பார்த்தான். "அய்யா போயிட்டா நமக்கு என்ன இருக்கு. தோணி போச்சு, காடு போச்சு. அய்யா இருக்காவ, அது ஒண்ணுதான் மிச்சம். திரும்ப எல்லாம் வரும்."

"உக்காந்துட்டுச் சொல்லு."

அவன் உட்காரவில்லை.

"அவுக எல்லாத்தையும் ஒரு கைக்குள்ளயே வச்சிருந்தாவ," என்றாள் சுயம்புக்கனி. "நீ எல்லாத்தையும் ஒரு தோணிக்குள்ள வச்ச. ரெண்டும் ஒண்ணுதான் எய்யா. பிரிச்சுக் கொடுத்திருந்தா உன் தம்பி கையில கொஞ்சம் இருந்திருக்கும், உன் கையில கொஞ்சம், என் கையில கொஞ்சம். ஒருத்தன் முழுகினா ஒருத்தன் பிடிச்சிருப்பான். இப்பவும் ஒண்ணுமில்லாம இல்ல. வீடு இருக்கு, பாதிக் கிட்டங்கி இருக்கு, பழைய தோணி ஒண்ணு கரையில கிடக்கு. பழைய தோணி தம்பிக்கு. கிட்டங்கி உனக்கு. வீட்டுல எனக்கு ஒரு பங்கு."

அவள் அதைப் பெருமாளுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து நின்று காட்டினாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள்.

தவசி மெல்ல வந்து எதிரே அமர்ந்தான். "அய்யா மேல எனக்குப் பாசம். அதனாலதான் விட மாட்டேங்கேன்" என்றான். எழப்போனான். முடியவில்லை. அவனுக்கு அது நடந்ததே இல்லை. அந்தக் கூடத்தில் அத்தனை வருஷம் இருந்தும் அவன் அப்பாவுக்கு எதிரே நின்றுதான் கேட்டிருக்கிறான், ஒருநாளும் உட்கார்ந்து ஒன்றையும் சொன்னதில்லை. கையை ஊன்றிப் பார்த்தான். வியர்த்தது. அம்மாவைப் பார்த்தான், சின்ன வயதில் கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்தபோது பார்த்த மாதிரி.

அவள் கை கொடுக்கவில்லை. கொடுத்தும் பயன் இல்லை என்று தெரியும். "சொல்லு" என்றாள்.

"பாசமெல்லாம் இருந்துச்சு, இப்ப இல்ல," என்றான் தவசி. "தெனமும் வந்து கேட்டேன், ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொன்னாவளா. உசிரோட இருக்கும்போதும் சொல்லல. எல்லாம் அவுக செஞ்சதுன்னு இருந்துட்டா என் தலையில விழாதுன்னு நெனச்சேன். அவுக போயிட்டா இத்தனையும் நான் தொலைச்சதா ஆகும். பயமா இருக்கும்மா."

கால் எப்போது விட்டது என்று அவன் கவனிக்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்த எழுந்தபோதுதான் எழுந்திருப்பது தெரிந்தது. மடியிலிருந்து தகட்டை எடுத்து அம்மாவின் கையில் வைத்தான்.

சுயம்புக்கனி நூறாவது தகட்டைப் பானையில் போட்டாள். புருஷனைப் பார்த்தாள். கோபமாக ஏதோ சொல்ல வேண்டும் என்று ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"முழுசும் என்கிட்ட வந்துட்டு. இனிப் பிறகு பார்க்கதுக்கு ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க."

ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போகக் கை கொடுப்பதுபோல அவள் அவர் முழங்கைக்கு அடியில் கை கொடுத்தாள். முழங்கை எழும்பியது. தவசி மறுபக்கம் ஓடிவந்து பிடித்தான். காய்ந்த பனையோலை எடைதான் இருந்தார்.

ஊர் கூடியது. கணக்கப்பிள்ளை வந்து பேனாவைத் திறந்தார். பாடை கட்டி, சங்கு ஊதி, சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தவசி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். தூக்கினவர்கள் தோள் மாற்றவே இல்லை.

கூடத்தில் நாற்காலி மட்டும் கிடந்தது. சுடுகாட்டுக்குப் போகாமல் பின்தங்கிய சிலர் அதைச் சுற்றி நின்றார்கள். கடன் கொடுப்பவர் ஒருவர் தொட்டுப் பார்த்து, "அண்ணாச்சி உக்காந்த நாற்காலி, அதுக்கே ஒரு சக்தி இருக்காதா" என்றார். ஆதிமூலம் அதற்கு எதிரே பாயில் உட்கார்ந்து, கையில் செல்லாக்காசுகூட இல்லாதவர், "நூறு ரூபா தாரேன், ரொக்கம்" என்றார். சொல்லிவிட்டு எழுந்தார். தடையே இல்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அதைப் பார்த்த செக்குக்காரர், "நூத்தம்பது" என்றார். அவராலும் எழ முடிந்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்து எழவும் யாரும் சிரமப்படவில்லை, நின்றபடியே கேட்டார்கள்.

சுயம்புக்கனி மூட்டை தூக்குகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, நாற்காலியை முற்றத்துக்கு எடுத்து வரச் சொன்னாள். கழுவித் தரப்போகிறாள் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். ஏதோ ஒரு தொகையில் நின்றிருந்த விலை, நாற்காலி கண்ணிலிருந்து மறைந்ததும் குபுக்கென்று ஏறியது.

முற்றத்தில் பெரிய வெந்நீர்ப் பானை இருந்தது, சுடுகாட்டிலிருந்து வருகிறவர்களும் வீட்டுப்பெண்களும் தலைமுழுக. விறகு போதாது. அவள் கோடாலியை எடுத்தாள். தேக்கு நன்றாகப் பிளந்தது, நன்றாக எரிந்தது. வளையலை உடைக்க வந்த தெருப்பெண்கள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள், வெறுங்கை; ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். ரோசம்மா அடுக்களை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"அக்கா, முன்பக்கம் ஆயிரத்தைத் தாண்டிருச்சு," என்றாள்.

"சரி," என்றாள் சுயம்புக்கனி. "நீ அந்தப் பக்கமாச் சுத்தி, கூடத்து வழியா உள்ள வா. முதுகுல தண்ணி ஊத்த ஆள் வேணும்."

ரோசம்மா சுற்றிக்கொண்டு ஓடினாள். கூடத்தில் ஆண்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், மீன்கூடையோடு ஒருத்தி நடுவில் புகுந்து போனதை யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் சூடாகிவிட்டது. சுயம்புக்கனி கூந்தலை அவிழ்த்துவிட்டுக் கல்லின்மேல் குந்தினாள். முதல் செம்பு தலையில் விழுந்தபோது சூடு தாங்காமல் மூச்சை இழுத்தாள். இரண்டாவது செம்புக்கு, இன்னும் ஊற்று என்றாள். முன்கூடத்தில் விலை ஏறிக்கொண்டிருந்தது.